காம்கோடர் வாங்கும் முன்: படத் தரம் எங்கே தீர்மானமாகிறது?

இரண்டு காம்கோடர்கள். இரண்டின் பெட்டியிலும் 4கே என்று போட்டிருக்கிறது. நல்ல பகல் வெளிச்சத்தில் இரண்டாலும் ஒரே காட்சியை எடுத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம். பொழுது சாய்ந்த பிறகு, அறைக்குள் ஒரே ஒரு விளக்கைப் போட்டுக்கொண்டு மறுபடி எடுங்கள். ஒன்றில் முகம் முகமாகவே இருக்கும். இன்னொன்றில் கன்னமும் நெற்றியும் மெழுகு பூசியதுபோல வழவழவென்று ஆகிவிடும். பின்சுவரில் புள்ளிகள் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

பெட்டியின் முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் வருபவை பெரும்பாலும் மூன்று: 4கே, இத்தனை மடங்கு ஜூம், இத்தனை மெகாபிக்சல். இந்த மூன்றையும் மலிவாகவே கூட்டிவிடலாம் என்பதால்தான் அவை பெரிய எழுத்தில் வருகின்றன. தயாரிப்பாளருக்கு உண்மையில் செலவு வைக்கும் விஷயங்கள் விவரப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கும். சென்சாரின் (வெளிச்சத்தைப் பிடிக்கும் சில்லு) அளவு, லென்ஸின் அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துவாரம்), பதிவின் பிட்ரேட் (வினாடிக்கு எவ்வளவு தகவல் பதிவாகிறது) ஆகிய மூன்றும் அங்கேதான் கிடக்கின்றன. அந்தப் பொடி எழுத்தைப் படிக்கப் பழகுவதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

படி 1: எதை, எந்த வெளிச்சத்தில் எடுக்கப் போகிறீர்கள்?

இதை முதலில் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். வீட்டுக்குள் குழந்தைகளையா, மேடை நிகழ்ச்சியையா, மைதானத்தில் விளையாட்டையா, தூரத்துப் பறவைகளையா? உள்ளறையும் இரவும்தான் அதிகம் என்றால் சென்சாரும் அப்பர்ச்சரும் முதலிடம் பெறும். தூரத்துப் பொருள் என்றால் ஆப்டிகல் ஜூமும் நடுக்கத் தடுப்பும். வேகமான அசைவு என்றால் ஃபிரேம் வேகமும் (வினாடிக்கு எத்தனை படம்) ஃபோகஸும். எல்லாவற்றிலும் முதலிடம் வாங்கும் கருவியைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. அதனால் எதை விட்டுக்கொடுப்பது என்பதை வாங்கப் போகும் முன்பே முடிவு செய்துகொள்வது நல்லது.

படி 2: சென்சாரின் அளவைத் தேடிப் பிடியுங்கள்

ஒரே ஒரு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கச் சொன்னால் நான் இதைத்தான் பார்ப்பேன். வெளிச்சத்தை மின்சைகையாக மாற்றும் இந்தச் சின்னச் சில்லு எவ்வளவு பெரிதோ, அதே அப்பர்ச்சரில் அவ்வளவு அதிகம் வெளிச்சம் சேரும். சேரும் வெளிச்சம் குறைந்தால் கேமரா சைகையை மின்னணு முறையில் பெருக்க வேண்டிவரும். சைகையோடு சேர்ந்து இரைச்சலும் பெருகும். ஒலியில் கேட்பதை இரைச்சல் என்கிறோம். படத்தில் அதுதான் ஊர்ந்து திரியும் புள்ளிகள்.

அளவைக் குறிக்கும் முறை கொஞ்சம் குழப்பமானது. 1/2.3 அங்குலம், 1/2.5 அங்குலம், 1 அங்குலம் என்றுதான் எழுதியிருப்பார்கள். ஆனால் "1 அங்குல" சென்சாரை ஸ்கேல் வைத்து அளந்தால் எந்தப் பக்கமும் ஒரு அங்குலம் வராது. பழைய தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்துச் சொன்ன கணக்கு இது. குழாய்கள் போய்விட்டன, கணக்கு மட்டும் நின்றுவிட்டது. 1 அங்குல சென்சாரின் உண்மையான அளவு சுமார் 13.2 × 8.8 மில்லிமீட்டர். 1/2.3 அங்குல சென்சார் சுமார் 6.2 × 4.6 மில்லிமீட்டர். பரப்பைப் பெருக்கிப் பாருங்கள்: முன்னது சுமார் 116 சதுர மில்லிமீட்டர், பின்னது சுமார் 28. நான்கு மடங்கு வித்தியாசம்.

இந்த பின்னத்தைப் படிக்கும்போது ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: கீழே உள்ள எண் பெரிதானால் சென்சார் சிறிது. 1/5.8 அங்குலம் என்று இருந்தால் அது ஆரம்பநிலைக் கருவி. வெளிச்சத்தில் பழுதில்லாமல் எடுக்கும், இருட்டில் திணறும். 1/2.5, 1/2.3 என்பவை நடுத்தரம். 1 அங்குலம் வந்துவிட்டால் உள்ளறைக் காட்சிகளில் உடனே கண்ணுக்குத் தெரியும் மாற்றம் கிடைக்கும். விவரப் பட்டியலில் சென்சார் அளவே இல்லையா? சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

பின்புற ஒளியூட்டல் கொண்ட சென்சார் என்று ஒரு குறிப்பும் கண்ணில் படலாம். சென்சாரின் மின்கம்பிகள் ஒளி விழும் பக்கத்தை மறைக்காமல் பின்னால் போகும்படி செய்த அமைப்பு அது. 2009-இல் சோனி இதைக் காம்கோடரில் கொண்டுவந்தது, இன்று பரவலாகிவிட்டது. சின்ன சென்சாருக்கு நல்ல உதவிதான், ஆனால் நான்கு மடங்குப் பரப்புக்கு அது ஈடாகாது.

சற்றுப் பழைய கருவிகளில், குறிப்பாக பயன்படுத்தப்பட்டவற்றை வாங்கும்போது, "3 சென்சார்" என்பதைப் பார்க்கலாம். ஒரு பட்டகம் வெளிச்சத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்துத் தனித்தனிச் சில்லுகளுக்கு அனுப்பும். நிறம் அழகாக வரும். இருந்தாலும் மூன்று பொடிச் சில்லுகளைவிட ஒரு பெரிய சில்லு இருட்டில் கைகொடுக்கும் என்பது என் கருத்து.

படி 3: மெகாபிக்சலை அளவோடு நம்புங்கள்

கணக்கு எளிது. ஃபுல் எச்டி படம் 1920 × 1080, அதாவது சுமார் 20.7 லட்சம் பிக்சல். 4கே படம் 3840 × 2160, சுமார் 83 லட்சம். வீடியோவுக்கு இதற்கு மேல் எத்தனை கோடி பிக்சல் இருந்தாலும் திரையில் வருவது இவ்வளவுதான்.

பெட்டியின் மேல் இருக்கும் பெரிய மெகாபிக்சல் எண் அநேகமாக நிழற்படத்துக்கானது. அதிலும் பல கருவிகள் இல்லாத பிக்சலைக் கணக்குப் போட்டு உருவாக்கிப் படத்தைப் பெரிதாக்குகின்றன. பட்டியலில் "பயன்படும் பிக்சல்கள், வீடியோ" என்ற வரியைத் தேடுங்கள். சுமார் 23 லட்சம் பிக்சல் மட்டுமே வீடியோவுக்குப் பயன்படும் கருவியின் முன்பக்கத்தில் 92 லட்சம் என்று மின்னுவதும் உண்டு.

அதேசமயம், 83 லட்சத்துக்குச் சற்று மேலே பிக்சல் இருப்பது வீண் அல்ல. காரணம், சென்சாரில் ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கிறது. கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1970-களில் வடிவமைத்த வடிகட்டி முறை இன்றும் தொடர்கிறது: பாதிப் பிக்சல்கள் பச்சைக்கு, கால் பங்கு சிவப்புக்கு, கால் பங்கு நீலத்துக்கு. விடுபட்ட நிறங்களைப் பக்கத்துப் பிக்சல்களிடம் கேட்டு கேமரா நிரப்பிக்கொள்கிறது. எனவே ஒன்றரை மடங்கு பிக்சலைப் படித்து 4கே-க்குச் சுருக்கும் கருவியில் விளிம்புகள் கூர்மையாக நிற்கும்.

இதற்கு நேர்மாறான ஒரு குறுக்குவழியும் உண்டு. நிறையப் பிக்சல் உள்ள சென்சாரை முழுக்கப் படிக்க வேகம் போதாத கேமரா, நடுநடுவே வரிசைகளைத் தாண்டித் தாண்டிப் படிக்கும். விளைவு, நெருக்கமான கட்டம் போட்ட சட்டையிலும் ஓட்டுக்கூரையிலும் வானவில் நெளிவுகள் தோன்றும். ஒருமுறை பதிவாகிவிட்டால் அதை எடிட்டிங்கில் நீக்குவது பெரும்பாடு. கடையில் சோதிக்கும்போது இதைப் பார்க்க மறக்காதீர்கள். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

படி 4: லென்ஸில் ஜூமைவிட எஃப் எண் முக்கியம்

லென்ஸின் வளையத்தில் 1:1.8–4.0 என்பது போன்ற இரண்டு எண்கள் பொறித்திருக்கும். 1.8 என்பது ஜூம் செய்யாத அகலக் காட்சியில் அப்பர்ச்சரின் எஃப் எண். 4.0 என்பது முழுசாக ஜூம் செய்தபோது. எஃப் எண் சிறிதாக இருந்தால் துவாரம் பெரிது, வெளிச்சம் அதிகம். எஃப் 2-இலிருந்து 2.8-க்குப் போனால் வெளிச்சம் பாதியாகிறது, 2.8-இலிருந்து 4-க்குப் போனால் இன்னும் ஒரு பாதி.

மேலே சொன்ன 1.8–4.0 லென்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். முழு ஜூமில் உள்ளே வரும் வெளிச்சம், அகலக் காட்சியில் வருவதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அரங்கின் கடைசி வரிசையிலிருந்து ஜூம் செய்து எடுத்த மேடைக் காட்சிகள் ஏன் மங்கலாக, புள்ளி புள்ளியாக வருகின்றன என்பதற்கு இதுதான் விடை. முடிந்தால் நான்கு வரிசை முன்னால் போய் உட்காருங்கள். இலவசமாகக் கிடைக்கும் படத் தரம் அது.

ஜூம் மடங்கைப் பொறுத்தவரை "ஆப்டிகல்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள். டிஜிட்டல் ஜூம் என்பது நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவது. அதை எடிட்டிங்கிலேயே நீங்கள் செய்துகொள்ளலாம். 350 மடங்கு என்ற எண்ணுக்கு நடைமுறையில் ஒரு பொருளும் இல்லை.

பெரிய சென்சாரும் நீளமான ஜூமும் சின்ன உடலில் சேர்ந்து வராது. சென்சார் பெரிதானால் அதே ஜூமுக்கு லென்ஸும் பருத்து நீள வேண்டும். அதனால்தான் 1 அங்குல சென்சார் கருவிகளில் ஆப்டிகல் ஜூம் 12, 15 மடங்கு என்ற அளவில் நிற்கிறது. பொடிச் சென்சார் கருவிகளில் 30, 50 என்று போகிறது. ஜூம் எண் மிகப் பெரிதாக இருந்தால் சென்சார் எவ்வளவு சிறிது என்று பார்க்க வேண்டிய நேரம் அது.

அகலப் பக்கத்தையும் கவனியுங்கள். 35 மில்லிமீட்டர் ஃபிலிமுக்கு ஈடான ஃபோகல் லெங்த் (லென்ஸ் எவ்வளவு அகலமாகப் பார்க்கும் என்பதைச் சொல்லும் எண்) 28 என்றால் கிடைமட்டமாக சுமார் 65 பாகை தெரியும். 40 என்றால் 48 பாகைதான். சின்ன அறைக்குள் எல்லோரையும் ஒரே காட்சியில் கொண்டுவர, 28-க்கு அருகில் அல்லது அதற்குக் கீழே தொடங்கும் லென்ஸ் வேண்டும். சுவரில் முதுகு ஒட்டிய பிறகு பின்னால் போக இடமிருக்காது.

கொளுத்தும் வெயிலுக்கு வேறு பிரச்சினை. வெளிச்சத்தைக் குறைக்க அப்பர்ச்சரை மிகவும் சுருக்கினால், ஒளி துவாரத்தின் விளிம்பில் வளைந்து பரவிப் படம் மென்மையாகிவிடும். எஃப் 8-இல் ஒரு புள்ளி ஒளி சென்சாரில் சுமார் 10 மைக்ரோமீட்டர் அகலத்துக்குப் பரவுகிறது. சின்ன சென்சாரின் பிக்சல் அகலமோ 2 மைக்ரோமீட்டர் வாக்கில். எனவே பொடிச் சென்சாரில் எஃப் 8 என்பது கூர்மையைக் கொல்லும் எண். உள்ளேயே என்டி ஃபில்டர் (வெளிச்சத்தை மட்டும் குறைக்கும் சாம்பல் நிறக் கண்ணாடி) உள்ள கருவி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் ஃபில்டருக்கு மரை இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 5: லக்ஸ் எண்ணில் ஏமாறாதீர்கள்

"குறைந்தபட்ச வெளிச்சம் 1 லக்ஸ்" என்பது போன்ற வாக்கியம் பட்டியலில் இருக்கும். லக்ஸ் என்பது ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு. பௌர்ணமி நிலவொளி தரையில் கால் லக்ஸ் அளவு. இரவில் வீட்டு அறை 50 முதல் 150 லக்ஸ். அலுவலகம் 300 முதல் 500. உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். அப்படியானால் 1 லக்ஸ் கேமரா நிலவொளியைவிடச் சற்றே கூடின வெளிச்சத்தில் அழகாகப் படம் எடுக்குமா? ஏதோ ஒரு உருவம் தெரியும், அவ்வளவுதான். எந்த அளவுக்குத் தெரிந்தால் "தெரிந்தது" என்று கணக்கு என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஷட்டர் வேகத்தைக் குறைத்து, அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் வாங்கும் நேரத்தை நீட்டி வைத்து அளந்த எண்ணாகவும் இருக்கும். அசையும் எதுவும் அப்போது இழுவிக்கொண்டு போகும். இரண்டு வேறு நிறுவனங்களின் லக்ஸ் எண்களை ஒப்பிட்டு வாங்குவது வீண்வேலை.

அதற்குப் பதிலாக கெயின் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். வெளிச்சம் போதாதபோது கேமரா சைகையைப் பெருக்கும் அளவு இது, டெசிபலில் சொல்வார்கள். 6 டெசிபல் கூடினால் சைகை இரட்டிப்பாகும், 18 டெசிபல் என்றால் எட்டு மடங்கு. திரையில் கெயின் எண்ணைக் காட்டும் கருவியாகவும், "இதற்கு மேல் போகாதே" என்று வரம்பு வைக்க இடம்தரும் கருவியாகவும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. புள்ளிகள் ஓடும் பிரகாசமான படத்தைவிட, கொஞ்சம் இருண்ட சுத்தமான படம் பார்க்கச் சகிக்கும்.

படி 6: பிட்ரேட், ஆரும் கேட்காத கேள்வி

நல்ல லென்ஸ், நல்ல சென்சார் எல்லாம் இருந்தும் படம் பாழாவதற்கு மிச்சமிருக்கும் இடம் இதுதான். 4கே படத்தை அப்படியே சேமித்தால் எந்த மெமரி கார்டும் தாங்காது. அதனால் கேமரா அதை நசுக்கித்தான் பதிவு செய்கிறது. எவ்வளவு நசுக்குகிறது என்பதன் அளவுகோல் பிட்ரேட்: வினாடிக்கு இத்தனை மெகாபிட்.

நசுக்கும் முறையைத் தெரிந்துகொண்டால் கெடும் விதமும் புரியும். பெரும்பாலான காம்கோடர்கள் முழுப் படத்தை அவ்வப்போதுதான் சேமிக்கின்றன. இடையில் வரும் ஃபிரேம்களில் என்ன மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்கின்றன. நாற்காலியில் உட்கார்ந்து பேசுபவரைப் பதிவு செய்ய இது அருமை, மாறுவது உதடும் கையும் மட்டும்தானே. அருவி, காற்றில் ஆடும் மரம், கூட்டம், மழை என்றால் ஒவ்வொரு ஃபிரேமிலும் எல்லாமே மாறும். ஒதுக்கிய பிட்கள் போதாது. படம் கட்டம் கட்டமாக உடையும். இருட்டின் புள்ளிகளும் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறுவதால் அவையும் பிட்களைத் தின்றுவிடும். இருட்டுக் காட்சிகள் இரண்டு பக்கமும் அடி வாங்குவது இப்படித்தான்.

சோனியும் பானசோனிக்கும் 2006-இல் அறிவித்த ஏவிசிஎச்டி என்ற பதிவு முறையில் உச்சவரம்பு வினாடிக்கு 24 மெகாபிட். 2011-இல் வந்த திருத்தத்தில் 28. ஃபுல் எச்டிக்கு அது தாராளம். 4கே என்றால் எச்.264 என்ற நசுக்கும் முறையில் 25 அல்லது 30 ஃபிரேமுக்கு 60 மெகாபிட் என்பது குறைந்தபட்சம், 100 இருந்தால் நிம்மதி. எச்இவிசி என்கிற எச்.265 முறை அதே தரத்தை இன்னும் குறைந்த பிட்களில் தரும். ஆனால் பழைய கணினியில் எடிட் செய்யும்போது திக்கித் திணறும்.

கார்டு எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு சுருக்குக் கணக்கு: மெகாபிட் எண்ணை 0.45-ஆல் பெருக்குங்கள், ஒரு மணி நேரத்துக்கான ஜிகாபைட் வந்துவிடும். 28 மெகாபிட்டுக்கு 12.6 ஜிகாபைட், 100-க்கு 45. வேகத்தையும் சரிபாருங்கள். 100 மெகாபிட் என்பது வினாடிக்கு 12.5 மெகாபைட். "கிளாஸ் 10" கார்டு உறுதி தருவது 10 மெகாபைட்தான், போதாது. யு3 அல்லது வி30 முத்திரை உள்ள கார்டு வினாடிக்கு 30 மெகாபைட் உறுதி தரும்.

பட்டியலில் 4:2:0, 4:2:2, 8 பிட், 10 பிட் என்ற எண்கள் வந்தால் பயப்பட வேண்டாம். முன்னவை நிற விவரத்தை எவ்வளவு குறைத்துச் சேமிக்கிறது என்பதைச் சொல்கின்றன: 4:2:0-இல் நான்கு பிக்சலுக்கு ஒரு நிறத் தகவல், 4:2:2-இல் இரண்டுக்கு ஒன்று. பின்னவை ஒவ்வொரு நிறத்திலும் எத்தனைப் படிநிலை என்பதை: 8 பிட்டில் 256, 10 பிட்டில் 1024. எடுத்ததை அப்படியே பார்ப்பவர்களுக்கு 8 பிட் 4:2:0 போதும். பிறகு உட்கார்ந்து நிறத்தை மாற்றியமைக்க நினைப்பவர்கள், பச்சைத் திரை வைத்து எடுப்பவர்கள் மட்டும் மேலானதற்குக் காசு கொடுங்கள்.

படி 7: அசைவு சம்பந்தப்பட்டவை

நடுக்கத் தடுப்பில் இரண்டு வகை. லென்ஸின் உள்ளே கண்ணாடி நகர்ந்து சரிசெய்வது ஆப்டிகல். ஓரங்களை வெட்டிப் படத்தை நகர்த்தி ஒப்பேற்றுவது எலக்ட்ரானிக். பின்னதில் காட்சி சுருங்கும். அதோடு, மங்கிய வெளிச்சத்தில் ஒவ்வொரு ஃபிரேமுக்குள்ளும் ஏற்கெனவே பதிந்துவிட்ட மங்கலை அதனால் எடுக்க முடியாது. சில சோனி கருவிகளில் லென்ஸும் சென்சாரும் சேர்ந்து ஒரே கட்டாக உள்ளே மிதந்து திரும்பும் அமைப்பு இருக்கிறது. நடந்துகொண்டே எடுப்பவர்கள் அதைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். எந்த முறையானாலும் முழு ஜூமில் முக்காலிக்கு மாற்று இல்லை.

ஃபோகஸ்: 4கே-இல் ஃபோகஸ் ஒரு மயிரிழை தவறினாலும் பெரிய திரையில் தெரிந்துவிடும். கான்ட்ராஸ்ட் முறையில் (படம் எங்கே கூர்மையாகிறது என்று பார்த்து) மட்டும் ஃபோகஸ் தேடும் கருவிகள் சில நேரம் முன்னும் பின்னும் அலைந்துதான் நிற்கும். ஃபேஸ் டிடெக்ட் (phase; முகம் கண்டுபிடிப்பது அல்ல, ஒளியின் கட்ட வேறுபாட்டை அளக்கும் முறை) உள்ளவை பெரும்பாலும் நேராகப் போய்ப் பிடிக்கும்.

இன்றைய சிமாஸ் (CMOS) வகைச் சென்சார்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கின்றன. கேமராவை வேகமாகத் திருப்பினால் கம்பங்கள் சாய்ந்து நிற்பதும், புகைப்படக்காரரின் ஃபிளாஷ் பாதி ஃபிரேமில் மட்டும் விழுவதும் இதனால்தான். படிக்கும் வேகம் கருவிக்குக் கருவி வேறுபடும், பட்டியலில் எழுத மாட்டார்கள். திருப்பிப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஃபிரேம் வேகம்: பேச்சுக்கும் வீட்டு நிகழ்ச்சிக்கும் 25 அல்லது 30 போதும், விளையாட்டுக்கு 50 அல்லது 60. உங்கள் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் 25/50 வரிசையையும் ஷட்டரை 1/50 அல்லது 1/100-இலும், 60 ஹெர்ட்ஸ் என்றால் 30/60 வரிசையையும் 1/60 அல்லது 1/120-இலும் வையுங்கள். மாற்றி வைத்தால் விளக்கு வெளிச்சத்தில் படம் துடிக்கும். இரண்டு வரிசைக்கும் மாறக்கூடிய கருவியா என்பதை, வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். 1080-க்குப் பக்கத்தில் ஐ (i) என்று இருந்தால் அது ஒன்றுவிட்டு ஒன்று வரிகளை எடுக்கும் பழைய முறை. கணினியில் அசைவின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரியும். பி (p) உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

படி 8: கையில் வாங்கிச் சோதியுங்கள்

உங்கள் சொந்தக் கார்டை எடுத்துப் போங்கள். கேமராவின் 3 அங்குலத் திரையில் எல்லாப் படமும் அழகுதான்; அதில் பார்த்து முடிவெடுப்பதைப்போல ஏமாற்று வேறில்லை.

முதலில் உச்சத் தரத்துக்கு அமைப்பை மாற்றிக்கொண்டு, கடையின் இருண்ட மூலையில் யாராவது ஒருவரின் முகத்தை அரை நிமிடம் எடுங்கள். பிறகு அதே இடத்தில் முழு ஜூம் போய் இன்னொரு அரை நிமிடம். அடுத்து வாசல் அல்லது ஜன்னல் பக்கம் முதுகு காட்டி ஒருவரை நிற்கவைத்து எடுங்கள்: முகமும் தெரிய வேண்டும், வெளியே உள்ளதும் வெள்ளையாக வெந்துபோகக் கூடாது. இரண்டையும் எந்தக் கருவியும் முழுசாகத் தராது. எது அதிகம் தருகிறது என்பதுதான் கேள்வி.

நெருக்கக் கட்டமோ கோடோ உள்ள துணியைத் தூரத்திலிருந்து மெல்ல ஜூம் செய்து எடுங்கள். வானவில் நெளிவு வந்தால் வரிசை தாண்டும் சென்சார். நிமிர்ந்த கதவு நிலையைத் தாண்டி கேமராவை வேகமாக இடமிருந்து வலம் திருப்புங்கள். ஒருவரைத் தூரத்திலிருந்து உங்களை நோக்கி நடந்துவரச் சொல்லி ஃபோகஸ் கூடவே வருகிறதா பாருங்கள். வெள்ளைத் தாள் ஒன்றை விளக்கு வெளிச்சத்தில் ஆட்டோவில் எடுத்து, பிறகு பகல் வெளிச்சத்துக்கு நகர்ந்து தொடருங்கள். மஞ்சள் விளக்கின் நிற வெப்பநிலை (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண்) 3000 கெல்வின் வாக்கில், பகல் வெளிச்சத்துக்கு 5600 வாக்கில். தாள் எவ்வளவு சீக்கிரம் வெள்ளைக்குத் திரும்புகிறது என்பது ஒயிட் பேலன்ஸின் திறமை.

ஒப்பிடும் எல்லாக் கருவிகளிலும் இதே காட்சிகளை இதே வரிசையில் எடுங்கள். வீட்டுக்கு வந்து பெரிய திரையில், ஒரே தூரத்தில் உட்கார்ந்து பாருங்கள். நடுப்பகுதியை மட்டும் பார்க்காமல் நான்கு மூலைகளையும் பாருங்கள். மலிவான லென்ஸ் அங்கேதான் மங்கும்.

ஒரு இடைச்செருகல்: காம்கோடரேதான் வேண்டுமா?

அருகிலிருந்து, சில நிமிடத் துண்டுகளாக, உள்ளறையில் மட்டும் எடுப்பவர் என்றால், 1/5.8 அங்குல சென்சார் உள்ள மலிவான காம்கோடரைவிட உங்கள் கையில் இருக்கும் புதிய கைப்பேசி நன்றாக எடுக்கலாம். அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நியாயம். காம்கோடரின் பலம் நீண்ட ஆப்டிகல் ஜூம், மணிக்கணக்கில் நிற்காமல் பதிவு செய்வது, கையில் பிடிக்க வாகான உடல்.

லென்ஸ் மாற்றும் கேமராக்கள் இன்னும் பெரிய சென்சாரோடு வருகின்றன, படமும் அழகு. ஆனால் அவற்றில் பல 29 நிமிடம் 59 வினாடியில் தானாக நின்றுவிடும். 30 நிமிடம் பதிவு செய்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க வகைப்பாட்டில் வீடியோ கேமராவாகி, முன்பு வரி கூடியது என்பதால் வந்த பழக்கம் அது. புதிய மாடல்கள் பலவற்றில் இந்த வரம்பு இல்லை. வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

படி 9: வாங்கிய அன்றே மாற்ற வேண்டியவை

பெட்டியிலிருந்து வரும்போது பல கருவிகள் நடுத்தரப் பதிவுத் தரத்தில்தான் இருக்கும், கார்டில் அதிக நேரம் பிடிக்கட்டும் என்று. மெனுவைத் திறந்து உச்ச பிட்ரேட்டுக்கு மாற்றுங்கள். டிஜிட்டல் ஜூமை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஜூம் நெம்புகோல் ஆப்டிகல் எல்லையைத் தாண்டுவது உங்களுக்கே தெரியாது. கெயின் வரம்பு இருந்தால் 15 அல்லது 18 டெசிபலில் நிறுத்திப் பாருங்கள், கண்ணுக்குப் பிடித்த இடத்தில் விட்டுவிடுங்கள். தானாக ஷட்டர் வேகத்தைக் குறைக்கும் அமைப்பை அணையுங்கள். லாக் (Log) என்ற பெயரில் வரும் சாம்பல் படிந்த பட முறைகளைத் தொடாதீர்கள். நிறம் திருத்தும் வேலை தெரிந்த பிறகு அந்தப் பக்கம் போகலாம். கூடவே லென்ஸ் துடைக்கும் மென்துணி ஒன்று பையில் இருக்கட்டும். கண்ணாடியில் ஒரு விரல் ரேகை இருந்தால், எதிர்வெளிச்சத்தில் 4கே-யும் பனிமூட்டமாகத்தான் வரும்.